கறுப்புச் சட்டையும் குற்றப்பத்திரிகையும்

செவிக்கு இனிமை தருவதே இசை என்று நம்மிற் பலர் கருதுகிறோம். அந்த அளவுகோலுடன் ஹெவி மெற்றல் என்னும் இசைவகையை அணுகுபவர் முதல் நிமிடத்திலேயே வானொலிப் பெட்டியை நிறுத்திவிடுவார். இரும்பும் இரும்பும் மோதுவது போன்ற முழக்கம். மின் கிற்றார்களின் உறுமல். பாடுகிறாரா, பகைவரை அதட்டுகிறாரா என்று ஐயுற வைக்கும் குரல். "இதுவும் ஒரு சங்கீதமா?" என்ற கேள்வி இயல்பாகவே எழும். ஆனால், கோயில் திருவிழாவில் நள்ளிரவு கடந்தபின் நான்கு தவில்கள் ஒன்றோடொன்று பொருதும்போது வீதி மணலில் உட்கார்ந்து தலையாட்டிய பரம்பரையில் வந்தவர்கள் நாம். அம்முழக்கத்தை முதன்முதலாகக் கேட்கும் வெள்ளைக்காரர் என்ன நினைத்திருப்பார்? அதுபோகட்டும், நம்மவரே பறையை எத்தனை காலம் இசையின் எல்லைக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தார்கள்? இவற்றை எண்ணிப் பார்த்தால், இரைச்சல் என்ற சொல்லைச் சற்று நிதானித்தே பயன்படுத்தத் தோன்றும்.

இவ்விசையின் தராதரத்தை எடைபோட நான் தகுதியுடையவனல்லன். அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். பத்திரிகைத் தொழிலில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற வகையில் என்னை உறுத்துவது வேறொரு விடயம். இவ்விசைஞர்களைப் பற்றி உலகப் பத்திரிகைகளில் வந்த செய்திகளில் என் கண்ணிற் பட்டவை, கலைப்பக்கத்தைவிடப் பொலிஸ் செய்திகளின் அருகிலேயே அதிகம் இடம்பெற்றிருந்தன. எழுதியவர்கள் அந்த இளைஞர்களைத் தேடிச் சென்று பார்த்ததாகவும் தெரியவில்லை. இதன் விளைவாகச் சில நாடுகளில் பிள்ளைகள் சிறைக்குச் சென்றார்கள்.

இத்தகைய குழுக்களை ஆங்கிலத்தில் 'அண்டர்கிரவுண்ட்' என்று அடைமொழியிட்டு அழைப்பர். நிலத்தடி என்று மொழிபெயர்த்தால் கிணற்று நீர் நினைவுக்கு வருகிறது. தலைமறைவு என்றாலோ எங்கள் நாட்டில் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும். பெரிய இசைத்தட்டு நிறுவனங்களின் ஆதரவும் வானொலி நிலையங்களின் தயவும் இன்றித் தாமே பதிவுசெய்து, தாமே பிரதியெடுத்து, தாமே விநியோகிக்கும் குழுக்கள் என்பதே பொருள். ஆகவே அண்டர்கிரவுண்ட் என்றே வைத்துக்கொள்வோம்.

ஹெவி மெற்றல் ஓர் உலோகத் தொழிற்சாலையிற் பிறந்தது என்று சொன்னால் அலங்காரப் பேச்சாகத் தோன்றலாம். ஆனால் நடந்தது ஏறக்குறைய அதுதான். இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் அஸ்ரன் என்ற தொழிலாளர் பகுதியைச் சேர்ந்த ரொனி அயோமி, பதினேழு வயதில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையொன்றில் வேலை பார்த்தார். கிற்றார் வாசிப்பையே முழுநேரத் தொழிலாகக் கொள்ளத் தீர்மானித்து, வேலையை விட்டு விலகவிருந்த கடைசி நாளன்று இயந்திரம் அவருடைய வலது கையின் இரண்டு விரல் நுனிகளை வெட்டிவிட்டது. அவர் இடதுகைப் பழக்கமுடையவராதலால் தந்திகளை அழுத்த வேண்டிய கை அதுவே. இனி வாசிக்க இயலாது என்று வைத்தியர்கள் கூறினர். தொழிற்சாலையின் மேலாள் ஒருவர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தீ விபத்தில் இரு விரல்கள் முடங்கிய பின்னரும் வாசித்துப் பெரும் புகழ் பெற்ற ஜாங்கோ றைன்ஹாட் என்னும் கிற்றார் மேதையின் இசைத்தட்டு அது. அயோமி பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரல்களுக்கு உறை செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். நோவு குறைய வேண்டும் என்பதற்காகப் பிற்பாடு தந்திகளின் இறுக்கத்தைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். 1970 பெப்ரவரியில் முதல் இசைத்தட்டை வெளியிட்ட அவருடைய பிளாக் சபத் குழுவின் கனத்த, இருண்ட ஒலி உருவானதில் அந்தக் காயத்துக்குப் பெரும் பங்குண்டு. சாத்தானின் ஏவல் என்று பாதிரிமார் சிலர் பின்னர் கண்டுபிடித்த ஒலி அது.

அக்குழுவின் பாடகர் ஒஸி ஒஸ்போர்ன் இறைச்சிக் கொல்களத்தில் வேலை செய்தவர். 2025 ஜூலை 5 ஆம் திகதி, அதே அஸ்ரனில் உள்ள வில்லா பார்க் உதைபந்தாட்ட அரங்கில், நிற்க இயலாத நிலையில் ஆசனத்தில் அமர்ந்தபடி இறுதியாகப் பாடினார். பதினேழு நாட்களின் பின் காலமானார். அவர் பெரும் செல்வந்தரானவர். அவரைக் கேட்டு வளர்ந்து கிற்றாரைக் கையில் எடுத்தவர்களில் அநேகர் அப்படி ஆகவில்லை. அவர்களுடைய உலகம் தபாற்கந்தோரைச் சுற்றியே அமைந்திருந்தது.

எண்பதுகளில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் இருந்த மெற்றல் இரசிகர்கள், பார்த்தறியாத ஊர்களில் உள்ள பெயரறியாத குழுக்களின் ஒலிநாடாக்களைத் தபால் மூலம் பரிமாறிக்கொண்டார்கள். இரண்டு கசெட் இயந்திரங்களை இணைத்துப் பிரதியெடுப்பது, கையால் எழுதிய பட்டியலோடு அனுப்புவது, பதிலுக்கு வருவதைப் பிரதியெடுத்து இன்னொருவருக்கு அனுப்புவது. முத்திரைச் செலவைத் தாங்க முடியாமல், முத்திரையின் மேல் பசையையோ சவர்க்காரத்தையோ பூசி அனுப்பி, மறுமுனையில் இருப்பவர் தபால் முத்திரையடையாளத்தைக் கழுவிவிட்டுத் திருப்பியனுப்பும் தந்திரமும் பரவலாக இருந்தது. அரசாங்கத்துக்கு நட்டந்தான், சட்டப்படி குற்றமுந்தான். எண்பதுகளில் யாழ்ப்பாணத்து 'றெக்கோடிங் பார்'களில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டு, கசெட்டுக்காக இரண்டு நாள் காத்திருந்தவர்களுக்கு இந்த ஆவல் புரியும். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற மெற்றலிக்கா குழு 1982 இல் பதிவுசெய்த மாதிரி ஒலிநாடா, அக்குழுவின் முதல் இசைத்தட்டு வருவதற்கு முன்பே கைமாறிக் கைமாறிப் பரவியது இந்த வழியில்தான்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் சக் சுல்டினர் என்ற பதினாறு, பதினேழு வயதுப் பையன் டெத் என்ற குழுவின் பெயரில் இப்படி அனுப்பத் தொடங்கியவன். 'மரணம்' என்று குழுவுக்குப் பெயர் வைத்து, பிணங்களையும் கொலையையும் பற்றிப் பாடித் தொடங்கியவர், சில ஆண்டுகளில் மனித மனத்தையும் வாழ்வின் நியாயங்களையும் பற்றி எழுதுபவராக முதிர்ந்தார். டெத் மெற்றல் என்ற கிளைவகைக்கே அவர் தந்தை என்பார்கள். 1999 இல் மூளைத்தண்டில் கட்டி இருப்பது தெரியவந்தது. மருத்துவச் செலவைக் குடும்பத்தால் தாங்க முடியவில்லை. இரசிகர்களும் சக குழுவினரும் நிகழ்ச்சிகள் நடத்திப் பணம் சேர்த்தார்கள். 2001 டிசம்பரில், 34 வயதில் இறந்தார். ஒரு கலைவடிவத்தைத் தொடக்கிவைத்தவரின் சிகிச்சைக்கு ஊர் ஊராக உண்டியல் குலுக்க வேண்டியிருந்தது. நம் நாட்டுக் கூத்துக் கலைஞர்களின் கடைசிக் காலம் இதைவிட மேல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி நோர்வேக்கு வருவோம். இவ்விசைக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்ததில் அந்நாட்டுக்கே முதலிடம். அங்கு நடந்தவை கற்பனையல்ல. 1992 ஜூனில் பேர்கன் நகருக்கு அருகே பன்ரொப்ற் என்னும் பழைய மரத் தேவாலயம் எரிந்தது. வேறு தேவாலயங்களும் எரிந்தன. 1993 ஆகஸ்டில் மேஹெம் குழுவின் கிற்றார்க் கலைஞர் ஒய்ஸ்ரைன் ஓர்சத் ஒஸ்லோவில் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர் மற்றோர் இசைஞரான வார்க் விக்கர்னஸ். 1994 இல் அவருக்கு 21 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2009 இல் விடுதலையானார். இவற்றைச் செய்தியாக்குவது பத்திரிகையின் கடமை. கொலைகாரர் நன்றாகக் கிற்றார் வாசிப்பார் என்பதற்காகச் செய்தியை மழுப்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இனவெறியைப் பாட்டாக்கும் சில குழுக்களும் இந்த உலகில் உண்டு. அவற்றை வெளிப்படுத்தியே ஆகவேண்டும்.

ஆனால், 1993 ஜனவரியில் பேர்கன் நாளிதழ் ஒன்று, பெயர் மறைத்த ஓர் இளைஞர் தேவாலய எரிப்புகளைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்ட பேட்டியை வெளியிட்ட நாளிலிருந்து, ஒரு சிறு கூட்டத்தின் குற்றம் ஓர் இசைவகையின் இலக்கணமாகிவிட்டது. முகத்தில் வெள்ளையும் கறுப்பும் பூசிய படம் கிடைத்தால் போதும். எழுதுவதற்கு வேறொன்றும் தேவையில்லை. அக்காலத்தில் அதே நாட்டில், அதே முகப்பூச்சுடன் இசைத்தட்டு வெளியிட்ட டார்க்த்றோன் குழுவின் பென்றிஸ் என்பவர் என்ன ஆனார்? நோர்வேயின் தபாற் சேவையில் வேலைக்குப் போய்க்கொண்டே இசையமைத்துவந்தார். மேடையேறிப் பணம் சேர்ப்பதில் அவருக்கு நாட்டமில்லை. அவருடைய ஊரான கொல்பொட்னில் உள்ளூராட்சித் தேர்தலின்போது பட்டியலில் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். தம் பூனையைத் தூக்கி வைத்துக்கொண்டு எடுத்த படத்துடன் "தயவுசெய்து எனக்கு வாக்களிக்காதீர்கள்" என்று பிரசாரம் செய்தாராம். ஊரார் கேட்கவில்லை, பதிலி உறுப்பினராக்கிவிட்டார்கள். 2016 இல் இச்செய்தி வெளியானபோது உலகமே சிரித்தது. தேர்தலில் நிற்பவர்கள் எல்லோரும் இப்படி வேண்டிக்கொண்டால் நம் நாடு எவ்வளவு உருப்பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

நோர்வேயில் இசைஞர்கள் செய்த குற்றத்துக்குச் செய்தி எழுதப்பட்டது. எகிப்தில் நடந்ததோ தலைகீழ். அங்கே செய்தி எழுதப்பட்ட பிறகு குற்றத்தைத் தேடினார்கள்.

1997 ஜனவரியில் கெய்ரோவில் விடியற்காலையில் பொலிசார் வீடு வீடாகப் புகுந்து நூறு பேரளவிலான இளைஞர்களைக் கைதுசெய்தார்கள். பெரும்பாலும் நடுத்தர, வசதியான குடும்பத்துப் பிள்ளைகள். படுக்கையறைச் சுவரில் ஒட்டியிருந்த படங்களும் கசெட்டுகளும் கறுப்புச் சட்டைகளும் சான்றுப் பொருள்களாயின. சாத்தானை வழிபட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. புதைகுழிகளைத் தோண்டினார்கள், மிருகங்களைப் பலியிட்டார்கள், கைவிடப்பட்ட பழைய மாளிகையொன்றில் கூடிக் களியாட்டமிட்டார்கள் என்றெல்லாம் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. நாட்டின் தலைமை முப்தி, அவர்கள் மனந்திருந்தாவிடின் மதத்துரோகத்துக்குரிய தண்டனை மரணமே என்று அறிவித்தார். பின்னர் என்ன நடந்தது? வழக்குத் தொடர ஆதாரம் இல்லை என்று கட்டம் கட்டமாக விடுதலை செய்துவிட்டார்கள். கைதுச் செய்திக்கு முதற்பக்கம் கொடுத்த பத்திரிகை எதுவும் விடுதலைச் செய்திக்கு அதே இடத்தைக் கொடுப்பதில்லை. இது எகிப்துக்கு மட்டும் உரிய வழக்கமன்று. எகிப்தின் மெற்றல் குழுக்கள் கலைந்தன. இளைஞர்கள் தலைமயிரை வெட்டிக்கொண்டார்கள். மீண்டும் மேடையேறப் பல ஆண்டுகள் சென்றன.

இந்தச் செய்தியைப் படிக்கும் ஈழத்தமிழருக்கு விளக்கவுரை தேவையில்லை. 'சந்தேகத்தின் பேரில் கைது' என்ற மூன்று சொற்களுடன் விடிந்த காலைகள் எத்தனை! அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் சட்டைப் பையில் இல்லாமல் கொழும்பு வீதியில் இறங்க முடியாதிருந்த காலத்தில், பொலிஸ் ஊடகப் பேச்சாளர் தரும் நான்கு வரிகளே செய்தியாகின. அந்த நான்கு வரிகளுக்கு அப்பால் ஒரு தாயும் ஒரு பாடசாலைப் புத்தகமும் இருக்கும் என்பது, எழுதுபவருக்குத் தெரிந்திருந்தாலும் அச்சுக்குப் போகாது. தனக்குப் புரியாத ஒரு கூட்டத்தைப் பற்றி எழுத நேரும்போது செய்தியாளர் முதலில் தொலைபேசியில் அழைப்பது பொலிஸ் நிலையத்தைத்தான். அங்கே ஒருவர் எப்போதும் பதில் சொல்வார்.

மொறோக்கோவில் 2003 இல் இதே நாடகம் மறுபடியும் அரங்கேறியது. பெப்ரவரியில் கசபிளாங்கா நகரில் மெற்றல் இசைஞர்களும் இரசிகர்களுமாகப் பதினான்கு பேர் கைதானார்கள். இஸ்லாமிய நம்பிக்கையைக் குலைத்தார்கள் என்பது வழக்கு. மண்டையோடு பொறித்த சட்டைகளும் இறுவட்டுகளும் நீதிமன்ற மேசையில் வைக்கப்பட்டன. ஒழுங்கான மனிதர் கச்சேரிக்குப் போவதென்றால் கோட்டும் ரையும் அணிந்தல்லவா போவார் என்ற பொருளில் நீதிபதி கேட்டதாக அப்போது உலகெங்கும் செய்தி வந்தது. மார்ச்சில் ஒரு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத்தண்டனை. ஆனால் இங்கே ஒரு வித்தியாசம் இருந்தது. எகிப்தில் வாயடைத்து நின்ற சமூகம் மொறோக்கோவில் வாய் திறந்தது. பெற்றோர், மனித உரிமையாளர், எழுத்தாளர், சில பத்திரிகைகள் என்று பலரும் எதிர்த்தார்கள். இசைஞர்கள் வீதியில் கூடி வாசித்தார்கள். மேன்முறையீட்டில் பதினொருவர் முற்றாக விடுவிக்கப்பட்டனர். மற்ற மூவரின் தண்டனை குறைக்கப்பட்டது.

அது ஏப்ரல் மாதம். மே 16 ஆம் திகதி இரவு அதே கசபிளாங்கா நகரில் தற்கொலைக் குண்டுதாரிகள் ஐந்து இடங்களைத் தாக்கினார்கள். 33 பேர் பலியானார்கள். குண்டுதாரிகள் பன்னிருவரும் மாண்டனர். நகரின் ஓரத்துச் சேரியில் உருவாகிவந்த அந்தக் கூட்டம் பொலிசாரின் கண்ணிற் படவில்லை. அவர்கள் கறுப்புச் சட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் பாதித்தது பக்தாத் நகரத்து நால்வரின் கதை. குழுவின் பெயர் அக்றாசிகோடா. ஒருவகைக் கருந்தேளின் இலத்தீன் பெயரிலிருந்து எடுத்தது. பாடகரும் கிற்றார்க் கலைஞருமான பைசல் தலால், கிற்றார் வாசிக்கும் ரொனி அசீஸ், பேஸ் கிற்றார் வாசிக்கும் பிராஸ் அல் லதீப், ட்றம்ஸ் வாசிக்கும் மர்வான் றியாத் ஆகியோர் சதாம் ஹுசைனின் காலத்தில், 2001 வாக்கில் ஒன்றுசேர்ந்தவர்கள். மேடையேற அனுமதி வேண்டுமானால் சதாமைப் புகழ்ந்து ஒரு பாட்டுப் பாடியாக வேண்டும். பாடினார்கள். இசைக்கேற்பத் தலையை முன்னும் பின்னும் ஆட்டுவது மெற்றல் இரசிகர்களின் வழக்கம். அது யூதர்கள் பிரார்த்தனையின்போது அசைவதைப் போலிருக்கிறது என்று ஆட்சேபம் எழுந்தது. தலையாட்டாமல் நின்றார்கள். எங்கள் அரச வானொலியில் எந்தச் சொல் போகும், எது போகாது என்று அறிந்து, பிரதியை எழுதும்போதே தாமாக வெட்டிக்கொண்ட தலைமுறைக்கு இந்தச் சாமர்த்தியம் நன்கு தெரியும். சதாமுக்குப் பாடியவர்களைக் கோழைகள் என்று சொல்லும் உரிமை வெளியில் இருந்து பார்ப்பவர் எவருக்கும் கிடையாது.

2003 இல் அமெரிக்கப் படைகள் நுழைந்தன. சதாம் போனார், பாட்டும் போயிற்று. இனிச் சுதந்திரமாக வாசிக்கலாம் என்று அவர்கள் நம்பியிருக்க வேண்டும். அந்தப் பாடல்கள் அமெரிக்காவிலிருந்து வந்தவை என்பதால், அமெரிக்கரைக் கொல்லத் தேடிய ஆயுதக் குழுக்களுக்கு இவர்களும் துரோகிகளாயினர். ஆங்கிலம் பேசுவதும், தலைமயிர் வளர்ப்பதும், கிற்றார்ப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீதியில் நடப்பதும் உயிருக்கு ஆபத்தான காரியங்களாயின. மறுபுறத்தில், அதே ஆண்டு ஈராக்கியக் கைதிகளை விசாரணைக்குப் பணியவைக்க அமெரிக்கப் படையினர் மெற்றலிக்காவின் பாடலை உரத்த ஒலியில் மீண்டும் மீண்டும் ஒலிக்கவிட்டதாகச் செய்தி வந்தது. நகரத்தின் ஒரு மூலையில் நான்கு இளைஞர்கள் உயிரைப் பணயம் வைத்துப் பழகிய இசை, மற்றொரு மூலையில் சித்திரவதைக் கருவி. கட்டிலடங்காத இந்த முரணைக் கற்பனையில் எழுதியிருந்தால் ஆசிரியபீடம் நம்பியிருக்காது.

2005 இல் பக்தாத்தின் அல் பனார் விடுதியில் அவர்கள் நடத்திய கச்சேரியும் அதன் பிறகு நேர்ந்தவையும், எடி மொறெற்றி, சுறூஷ் அல்வி ஆகிய இருவர் எடுத்து 2007 இல் வெளியான 'ஹெவி மெற்றல் இன் பக்தாத்' என்ற ஆவணப்படத்தில் பதிவாகியுள்ளன. வாய்ப்புக் கிடைப்பவர்கள் அதைப் பார்க்க வேண்டும். அவர்கள் பயிற்சி செய்த நிலவறை குண்டுத்தாக்கில் அழிந்தது. வாத்தியங்கள் அதற்குள் இருந்தன. ஒருவர் பின் ஒருவராகச் சிரியாவின் டமஸ்கசுக்கு ஓடினார்கள். அங்கிருந்து துருக்கி. இடையில் வாடகை கொடுப்பதற்காக எஞ்சிய வாத்தியங்களையும் விற்றார்கள். இசைஞன் வாத்தியத்தை விற்கும் காட்சிக்குப் பின்னணி இசை எதுவும் தேவைப்படுவதில்லை. 2009 இல் அகதிகளாக அமெரிக்காவில் குடியேற்றப்பட்டனர். போய்ச் சேர்ந்த சில வாரங்களில் நியூ ஜேர்சியில் மெற்றலிக்காவின் நிகழ்ச்சியைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. பாடகர் ஜேம்ஸ் ஹெற்பீல்ட் தம் கிற்றார்களில் ஒன்றை அவர்களுக்குக் கொடுத்தார். புகைப்படக்காரர்கள் நிறையப் பேர் அன்று வந்திருந்தார்கள். மறுநாள் முதல் அவர்கள் எல்லா அகதிகளையும் போல வேலை தேட வேண்டியவர்கள்தான். முதல் முழு இசைத்தொகுப்பு 'கில்கமேஷ்' 2015 இல்தான் வெளிவந்தது. குழு தொடங்கி ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள்.

தொண்ணூறுகளில் வடக்குக்குப் பற்றரி தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் யாழ்ப்பாணத்தவர் வானொலி கேட்டார்கள். செய்திக்காக மட்டுமா சுற்றினார்கள்? பாட்டுக்காகவுந்தான். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் கேட்பார்கள். கை ஓய்ந்தால் பாட்டின் குரலும் இழுபடும். மின்பிறப்பாக்கி நின்றால் கச்சேரியும் நின்றுவிடும் பக்தாத்தின் நிலை, அந்தச் சக்கரத்தைச் சுற்றிய கைகளுக்குத் தொலைவானதன்று.

இலங்கையிலும் இவ்விசைக்கு ஒரு வட்டம் உண்டு. போர் உக்கிரமாக நடந்துகொண்டிருந்த தொண்ணூறுகளின் இறுதியில் கொழும்பில் ஸ்ரிக்மாற்றா என்ற குழு தோன்றியது. 2003 இல் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டது. வெளிநாட்டு மேடைகளையும் கண்டது. கண்டியிலும் கொழும்பிலும் வேறு குழுக்களும் எழுந்தன. ஆங்கிலப் பத்திரிகைகளின் ஞாயிறு இணைப்புகளில் அவர்களுக்குச் சிறிது இடம் கிடைத்தது. தமிழ்ப் பத்திரிகைகளில் ஒரு வரியேனும் வந்ததாக எனக்கு நினைவில்லை. சினிமாப் பாட்டு, கர்நாடக சங்கீதம் என்னும் இரண்டு கதவுகளைத் தவிர மூன்றாவது கதவை நம் கலைப்பக்கங்கள் திறப்பதில்லை. இது ஆங்கிலம் பேசும் கொழும்புப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு, நமக்கென்ன என்று சொல்வோர் சிங்கப்பூரைப் பார்க்கட்டும். அங்கே 1992 இல் கதிர் என்பவரின் தலைமையில் தொடங்கிய ருத்ரா என்ற குழு, உபநிடதங்களின் தத்துவத்தை டெத் மெற்றல் இசையில் பாடி, அதற்கு 'வேதிக் மெற்றல்' என்று பெயரிட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகெங்கும் இரசிகர்களை வைத்திருக்கிறது. நமது ஆன்மீக மாநாடுகள் எதற்கும் அவர்களை அழைத்ததாக நான் அறியவில்லை. அழைத்தால் முன்வரிசைப் பெரியவர்கள் என்ன ஆவார்கள் என்ற கவலை நியாயமானதே.

எகிப்தில் பிள்ளைகளைச் சிறைக்கு அனுப்பிய அதே இசை, உலகிலேயே அதிக முஸ்லிம்கள் வாழும் நாடான இந்தோனேசியாவில் வேறுவிதமாக நடத்தப்பட்டிருக்கிறது. 2014 இல் அங்கு ஜனாதிபதியாகத் தெரிவான ஜோகோ விடோடோ வெளிப்படையான மெற்றல் இரசிகர். ஜகார்த்தா ஆளுநராக இருந்தபோது 2013 இல் மெற்றலிக்காவின் பேஸ் கிற்றார்க் கலைஞர் அனுப்பிய கிற்றாரை ஊழல் தடுப்பு ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தவர். அவர் தெரிவான அதே 2014 இல், மேற்கு ஜாவாவின் காரூற் மாவட்டத்துக் கிராமமொன்றில், இஸ்லாமியப் பாடசாலையொன்றில் படித்த மூன்று மாணவிகள் தம் ஆசிரியரின் கணனியில் மெற்றல் பாடல்களைக் கேட்டு மயங்கி, வொய்ஸ் ஒப் பசெப்ரொற் என்ற குழுவைத் தொடங்கினார்கள். அவர்களது சுண்ட மொழியில் பசெப்ரொற் என்றால் சளசளப்பு, சத்தம். அயலவர் எதிர்த்தார்கள், மதத் தலைவர்கள் கண்டித்தார்கள், பெண்பிள்ளைக்கு இது தகுமா என்று உறவினர் கேட்டார்கள். அவர்கள் நிறுத்தவில்லை. 2024 இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற கிளாஸ்ரன்பரி விழாவில் மேடையேறிய முதலாவது இந்தோனேசியக் குழு அவர்களுடையது.

உலகப் பத்திரிகைகள் அனைத்தும் அவர்களைப் பற்றி எழுதின. இம்முறை பொலிஸ் செய்தி அல்ல, பாராட்டுத்தான். ஆயினும் நான் படித்த கட்டுரைகளில் ஏறக்குறைய எல்லாவற்றின் தலைப்பிலும் அவர்களது தலையை மூடிய முக்காடு இருந்தது. எங்களை இசைக்காக அறியுங்கள் என்று அவர்கள் பேட்டிக்குப் பேட்டி சொல்லிவருகிறார்கள். விடி ரஹ்மாவதி என்ற பெண் பேஸ் கிற்றாரின் தந்திகளைச் சுண்டியும் அடித்தும் வாசிக்கும் விதம் அனுபவம் வாய்ந்த கலைஞர்களையே நிமிர்ந்து உட்கார வைப்பது. அதைப் பற்றி அக்கட்டுரைகளில் இரண்டு வரிக்கு மேல் இருந்ததாக எனக்கு நினைவில்லை.